மூன்று மெஷினும் ஒன்றாக

டோல்கேட் பக்கத்துப் பாலிடெக்னிக்கில், இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் ஒரு சனிக்கிழமை காலை, ஆய்வக மேசைமேல் ஒரு குட்டித் துறைமுகம் கண்விழித்தது. ஆசிரியை மகிழினி கட்டிய ஊர் அது. ஒரு கணினி, டீசல் ஜெனரேட்டராகவும் சோலார் பலகையாகவும் நடித்தது. மூன்று சிவப்பு பல்புகள் ஐஸ் உடைக்கும் மெஷின்களாக நடித்தன. நடிக்காதது ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஆளும் கன்ட்ரோல் பெட்டி. தான் ஆள்வது பொய் ஊர் என்று அதற்குத் தெரியாது.

காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வைத்திருக்கும் கருணாகரன் சரியென்றால் பெட்டி அவருடைய நிஜ ஜெனரேட்டரில் ஏறும். இல்லையென்றால் மகிழினியின் இரண்டு வருட உழைப்பு பீரோவுக்குள் போகும். மெஷின் ஓட்டும் பூவம்மாவையும் அவர் கூட்டி வந்திருந்தார்.

மகிழினி மெயின் கரன்ட்டை நிறுத்தினாள். பெட்டி 'டிக்' என்றது. கணினிக்குள் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. மெஷின்களுக்கான மூன்று ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். பல்புகள் அழகாக எரிந்தன.

"பரவால்லியே" என்றார் கருணாகரன்.

"இன்னா டீச்சரு, யாரு இப்டி ஒவ்வொண்ணா போடுவா?" என்றாள் பூவம்மா. "கல்யாணப் பந்தியா வெக்கிறோம்?"

"உங்க கம்பெனி நோட்டுல மெஷினை ஒவ்வொண்ணா விட்டு விட்டுப் போட்டதா எழுதியிருக்கே. அதைப் பாத்துதான் செஞ்சேன்."

"அது மொதலாளி பாக்கறதுக்கு எழுதுனது. மீனோட போட்டுங்க கரைக்கு வந்து நின்னா நேரம் ஏது? இப்டித்தான்." மூன்றையும் அணைத்துவிட்டு, முழங்கையை மடக்கி ஒரே தட்டாகத் தட்டினாள்.

மூன்று மெஷினின் பாரத்தையும் ஒரே நேரத்தில் தாங்காமல் கணினிக்குள் ஜெனரேட்டர் நின்றது. ஊர் இருண்டது. மகிழினிக்குப் பீரோவின் கதவு சாத்தப்படும் சத்தம் காதில் கேட்டது.

கருணாகரன் அணைந்த பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூவம்மா பக்கம் திரும்பினார். "போன மாசம் ரெண்டு தபா ஜெனரேட்டரு படுத்துப்போச்சே, இதாலதானா? நான் மெக்கானிக்கைப் புடிச்சு பேஜார் பண்ணேன்."

"அவன் பாவம் மொதலாளி" என்றாள் பூவம்மா, கூரையைப் பார்த்துக்கொண்டு.

"நம்ம கம்பெனி மாதிரியேதான் கீது" என்றார் அவர். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "படுக்கறதுகூட அதே மாதிரி."

மகிழினி கணினியின் முன் உட்கார்ந்தாள். யார் எப்படித் தட்டினாலும் பத்து விநாடிக்கு ஒரு மெஷினைத்தான் எழுப்ப வேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் ஆனது.

பூவம்மா மறுபடி முழங்கையால் தட்டினாள். ஒரு பல்பு எரிந்தது. மூவரும் விநாடிகளை எண்ணினார்கள். இரண்டாவது எரிந்தது. மூன்றாவதும்.

"அப்போ இனிமே நோட்டுல நான் பொய் எழுத வாணாம்?"

"வேணாம். நீங்க எழுதினதை இதுவே நிஜமாக்கிடும்."

"நாளைக்கே வந்து மாட்டிடு டீச்சரு" என்று கிளம்பினார் கருணாகரன்.

"இருங்க மொதலாளி, இன்னும் இன்னா இன்னா தாங்குதுன்னு இங்கயே தட்டிப் பாத்துக்கலாம். இது சொம்மா ஊருதானே, ஒரு மீனும் கெடாது" என்ற பூவம்மா, இந்த முறை இரண்டு முழங்கைகளையும் மடக்கிக்கொண்டாள்.