களம்பூருக்கு உருண்ட மணிகள்

1978ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, ஆரணி நெசவாளர் தெரு சவரிராஜின் மனைவி ஜெபராணி செய்த கண்ணாடி மணிகள் வீட்டில் தங்கவில்லை. சாம்பலிலிருந்து எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்த கையோடு ஒவ்வொன்றாக விளிம்பேறிக் குதித்து, வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கி உருண்டு போயின. தெரு சாய்வாக இருக்கிறது என்று காரணம் சொல்லவும் வழியில்லை, மணிகள் மேட்டைப் பார்த்துத்தான் போயின. அன்றைக்குக் கச்சாப் பட்டின் விலை ஏறியிருந்ததால் தெருவில் அந்தப் பேச்சுதான் பெரிதாக இருந்தது. பட்டு விலை எல்லார் வீட்டையும் தொடும், மணி ஒரு வீட்டுச் சங்கதி என்று விட்டுவிட்டார்கள்.

ஜெபராணி தெள்ளாரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். 1971இல் கல்யாணமாகி ஆரணிக்கு வரும்வரை தறியைக் கிட்டத்தில் நின்று பார்த்தவள் அல்ல. 1973இல் பட்டு கிடைக்காமல் தெரு முழுவதும் தறிகள் நின்றபோது, சும்மா உட்கார்ந்திருக்க முடியாத சுபாவம், உடைந்த வளையல்களைப் பொறுக்கிக்கொண்டு பம்ப் ஸ்டவ் முன்னால் போய் உட்கார்ந்தாள். கண்ணாடியை உருக்கி, களிமண் பூசிய சைக்கிள் கம்பியில் சுற்றி, கம்பியை நிற்காமல் திருப்பிக்கொண்டே இருந்தால் மணி உருண்டையாக வரும். திருப்புகிற விரல் ஒரு நொடி தயங்கினாலும் ஒரு பக்கம் தொங்கிவிடும். முதல் ஆறு மாதம் எல்லாம் தொங்கின. அதன் பிறகு அவள் செய்த மணிகளை முந்தானைக் குஞ்சம் கட்டுகிறவர்களும் ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர்களும் வீடு தேடி வந்து வாங்கினார்கள். சவரிராஜுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. விரல் பழக்கத்தில் தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு வருடத்துக்கு இரண்டு நெய்தான், அவ்வளவுதான். 1978 வாக்கில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது மணிகளால்தான். அதனால் மணி வீட்டை விட்டுப் போவது என்றால் சோறு வீட்டை விட்டுப் போவது.

மணிகள் ஓடத் தொடங்கியதற்கு முந்தின நாள் திங்கட்கிழமை, கைவினைஞர்களைப் பதிவு செய்ய பரசுராமன் என்ற அலுவலர் வந்திருந்தார். பதிவானால் சென்னைப் பொருட்காட்சியில் கடை போட இடம் கிடைக்கும். படிவத்தில் ஏழாவது கேள்வி, தொழில் கற்றுக்கொடுத்தவர் பெயர். ஜெபராணி கொஞ்சம்கூட யோசிக்காமல், யாருமில்லை, தானே கற்றது என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். நெசவாளர் தெருவில் சொல்லத் தகாத பதில் அது. இங்கே எந்தத் தறியும் வெறுமையில் தொடங்குவதில்லை. ஒரு பாவு நெய்து முடிந்தால் அதன் கடைசி முழத்தை அப்படியே தறியில் விட்டுவைப்பார்கள். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். அப்புறம் பழையது முன்னால் போகப் போகப் புதியது தானாக அச்சின் சீப்புப் பற்களுக்குள் வந்து சேரும். சவரிராஜின் தறியில் ஓடுகிற இழையைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால் அவன் பாட்டனுக்குப் பாட்டன் கட்டிய பாவில் போய் நிற்கலாம் என்று தெருவில் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பேச்சு 1971வரைதான் உண்மை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தப்பித்த மணிகளைப் பிடித்து வைக்க ஜெபராணி படாத பாடில்லை. நூலில் கோத்தாள், நூலோடு போயின. தூக்குச் சட்டியில் போட்டு மூடினாள், சட்டி கவிழ்ந்து உருண்டது. போதகர் வந்து ஜெபம் செய்தார். ஜெபம் முடியும்வரை மணிகள் அசையாமல் இருந்தன, ஆமென் சொன்னதும் கிளம்பின. பத்து நாள் கழித்துத்தான் அவை மூன்று வழியாகப் பிரிந்து போவதை யாரோ கவனித்தார்கள். கொஞ்சம் கடைத்தெரு சைக்கிள் கடைக்கு. கொஞ்சம் வளையல்காரி கன்னியம்மாளின் கூடைக்கு. மிச்சமெல்லாம் போளூர் சாலையில் இறங்கித் தெற்கே போயின.

சைக்கிள் கடையில் வெல்டிங் வேலை பார்க்கும் பெரியநாயகம் ஒருநாள் இரண்டு கை நிறைய மணிகளோடு வந்து வாசலில் நின்றார்.

“இன்னாம்மா ஜெபராணி, உன் மணியெல்லாம் எங்க பட்டறைக்கே வந்துகினு கீது. காலு வெச்சா வழுக்குது. நான் வேல பாக்க வாணாமா?”

ஜெபராணிக்கு முகம் சிவந்துவிட்டது. நெருப்பின் மஞ்சள் நாக்கில் கண்ணாடி கரியேறும், உள்ளே இருக்கும் நீலக் குருத்துக்கு ஒரு விரல் மேலே பிடித்தால்தான் பளிச்சென்று வரும் என்று அவளுக்குச் சொன்னவர் அவர்தான். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, நெருப்பைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது இந்த அண்ணன்தான் என்று அவள் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் அவர் கையிலிருந்த மணிகள் நின்றுவிட்டன. அன்று சாயங்காலமே அவள் கன்னியம்மாளைத் தேடிப் போய், எந்த வளையல் எந்த வளையலோடு ஒட்டும், எது சேர்ந்தால் விரிசல் விடும் என்பதைத் தட்டிப் பார்த்துச் சத்தத்தில் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தது நீதான் என்று நடுக்கடைத்தெருவில் சொல்லிவிட்டு வந்தாள். கன்னியம்மாளுக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஒரு டஜன் வளையலைச் சும்மா கொடுத்தாள்.

தெற்கே போன மணிகள் மட்டும் நிற்கவில்லை. அவை ஆற்று மணலைக் கடந்து, சாலையோரமாகவே போய், களம்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தால் நின்று, திறந்தால் தாண்டி, ஒரு அரிசி மில்லின் பின்வாசலுக்குப் போய்ச் சேர்கின்றன என்று நெல் லாரிக்காரர்கள் சொன்னார்கள். களம்பூரில் யார் இருக்கிறார்கள் என்று ஜெபராணியைக் கேட்டால் தெரியாது என்றாள். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

1971இல் அவள் வந்த மூன்றாம் மாதம். சவரிராஜ் ஒரு சேலையை அறுத்து எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் போயிருந்தான். இழை பிணைக்க வந்திருந்த பாஞ்சாலை கை கழுவப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். ஜெபராணி தறியைச் சுத்தம் செய்யப் போனவள், அச்சில் தொங்கிக்கொண்டிருந்த மிச்ச நூலைப் பார்த்து, குப்பை என்று நினைத்துக் கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கி இழுத்துப் போட்டாள். வாத்தியார் வீட்டுப் பெண்ணுக்கு அது என்னவென்று எப்படித் தெரியும்? நாலாயிரத்துச் சொச்சம் இழைகளையும் மறுபடி இழையை ஏற்றி இறக்கும் விழுதிலும் அச்சிலும் ஒவ்வொன்றாகக் கோக்க நாலு பகல் ஆயிற்று. பாட்டன் காலத்து இழை அன்றோடு அறுந்தது. சவரிராஜ் வந்து தெருவே கூடும்படி கூச்சல் போட்டான். அவன் கண் பாஞ்சாலை பக்கம் திரும்பியது, இவள் சும்மா இருந்தாள். பாஞ்சாலை நிலமில்லாத வீட்டுப் பெண், கூலிக்கு வந்தவள், பழி போட்டால் ஏனென்று கேட்க ஆளில்லாதவள். அதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அந்தத் தெருவில் அவளுக்கு வேலை கொடுத்துவந்த பதினொரு வீடுகளும் ஒரே வாரத்தில் அவளை வேண்டாம் என்றன. அவள் களம்பூருக்குப் போய் மில்லில் உமிச்சாம்பல் அள்ளும் வேலையில் சேர்ந்தாள்.

அந்த மூன்று மாதமும், தெருவில் எந்த வீட்டில் பிணைத்தாலும், ஜெபராணி ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தது பாஞ்சாலையின் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும்தான், இழை எதோடு சேர்கிறது என்பதை அல்ல. நிற்காமல், தயங்காமல், ஒரே சீராக முறுக்கும் விரல்கள். தொங்கிய மணிகள் உருண்டையானது அந்த விரல்கள் ஒருநாள் நினைவுக்கு வந்த பிறகுதான். இன்னொன்றும் உண்டு. சூடான மணியைச் சட்டென்று ஆறவிட்டால் வெடித்துவிடும், உமிச்சாம்பலில் புதைத்து ஆறவைக்கவேண்டும். அந்தச் சாம்பல் களம்பூரிலிருந்து மூட்டையாக வந்தது.

அடுத்த மூன்று வருடங்கள் அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக உட்காரவில்லை. ஜெபராணி மணி செய்துகொண்டே பெயர்களை அடுக்கினாள். கர்த்தர் என்றாள், அப்பா என்றாள், ஸ்டவ் கம்பெனி என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். மணிகள் மரியாதையாகக் கேட்டுவிட்டு உருண்டன. சாம்பல் சூடு ஆறுவதற்குள் விற்றுவிடலாம் என்று ஜல்தி ஜல்தியாக விற்றாள். வாங்கியவர்களுக்குப் பேஜார். செய்யாரில் ஒரு கல்யாணப் பெண் முகூர்த்தம் முடியும்வரை மேற்கே சாய்ந்தபடியே உட்கார்ந்திருந்தாள், கழுத்து மணி இழுத்தது. கம்பெனி பஸ்ஸில் போகிற பெண்கள் இருவருக்கு ஜன்னல் பக்கம் கழுத்து சுளுக்கிக்கொண்டது. 1980இல் ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். வீட்டில் ஒரு வேளைச் சோறு குறைந்தது. அவள் ஒருமுறை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பாஞ்சாலை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மணிகள் ஒரு மூச்சு நேரம் நின்றன. பிறகு முன்னைவிட வேகமாகப் போயின.

1981 பங்குனியில் அவள் சாம்பல் வாங்கும் சாக்கில் களம்பூருக்கு பஸ் ஏறினாள். மில்லின் பின்னால், சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில், முழங்கை வரை வெளுத்துப்போன பாஞ்சாலை நின்றிருந்தாள். அவள் காலடியில் மூன்று மண்ணெண்ணெய் டின்கள் நிறைய மணிகள். ஜெபராணி வந்த காரியத்தைச் சொன்னாள். படிவத்தில் உன் பெயரை எழுதச் சொல்கிறேன், விரல் உன்னுடையது என்று எல்லாரிடமும் சொல்கிறேன் என்றாள். பாஞ்சாலை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“நான் உனுக்கு இன்னாத்தம்மா கத்துக்குடுத்தேன்? நீ பாத்துகினு இருந்த, அவ்ளோதான். அதுக்குப் பேரு வாணாம். பாவ அறுத்தது யாருன்னு சொல்லு, போதும். எங்கிட்ட சொல்லாத, எனக்குத் தெரியும். அந்தத் தெருவுல சொல்லு.”

ஜெபராணி சாம்பல் வாங்காமல் திரும்பினாள். பஸ்ஸில் அழுதாள். சொன்னால் புருஷன் வீட்டில் வைத்துக்கொள்வானா என்பதுதான் அவளுக்குப் பயம். பத்து வருடத்துப் பொய், அதுவும் அவன் குடும்பத்தின் பெருமையை அறுத்த பொய்.

அடுத்த வாரம் சவரிராஜின் புதுப் பாவைத் தெருவில் போட்டார்கள். விடிந்ததும் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்து, இரண்டு முனையிலும் இடையிலும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். கஞ்சி ஏறிய பிறகு யார் கையை விட்டாலும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாவு பாழ். காயும்வரை நின்ற இடத்தில் நிற்கவேண்டும், சண்டைக்காரனும் சண்டைக்காரனும் எதிரெதிரே பிடித்துக்கொண்டு நிற்பதுண்டு. அன்றைக்குப் பதினொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. ஜெபராணி நடுவில், இழைகளுக்கிடையே செருகிய ஒரு குச்சியைப் பிடித்திருந்தாள். கஞ்சி தெளித்து முடித்ததும் அவள் வாயைத் திறந்தாள்.

“எழுபத்தொண்ணுல எங்க ஊட்டுத் தறியில பாவ அறுத்தது பாஞ்சால அக்கா இல்ல. நான்தான். குப்பன்னு நெனச்சு அறுத்தேன். அப்புறம் பயந்துகினு சொல்லல. அவங்க வெரலப் பாத்துத்தான் நான் மணி சுத்தறேன்.”

யாரும் கையை விடவில்லை. விட முடியாது. ஏசவேண்டும் என்று நினைத்தவர்களும், காறித் துப்பவேண்டும் என்று நினைத்தவர்களும், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள நினைத்தவர்களும் பாவைப் பிடித்தபடி வெயில் ஏறும்வரை அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சவரிராஜ் தலைமுனையில் இருந்தான். மங்கிய கண்ணால் அவளிருந்த திக்கைப் பார்த்து, “கெட்டியாப் புடி” என்று மட்டும் சொன்னான்.

பன்னிரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நாலு நாளு கோத்தது போவட்டும். அந்தப் பொம்பளய நான் வாயால இன்னா இன்னா பேசினேன், அத்த யாரு திருப்பி வாங்கறது?” என்று கேட்டான். மறுநாள் அவனே தட்டுத் தடுமாறிக் களம்பூர் பஸ் ஏறினான். அங்கே என்ன பேசினார்கள் என்பது ஊருக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை பாஞ்சாலை ஆரணிக்கு வந்தாள். நேராகத் தறிக்குப் போகவில்லை. பதினொரு வீட்டு வாசலிலும் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டாள். பதினொரு வீட்டிலும் கொடுத்தார்கள், பதினொரு சொம்பும் குடித்தாள். அதன் பிறகு உட்கார்ந்து சாம்பல் தொட்டுப் பிணைக்கத் தொடங்கினாள். வீட்டிலிருந்த மணிகளெல்லாம் அவள் காலைச் சுற்றி வந்து நின்றுகொண்டன. வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் பாதத்தால் ஓரமாகத் தள்ளிவிட்டாள். இரண்டு பகலில் பிணைத்து முடித்துக் கிளம்பினாள். தெருவுக்கே திரும்பி வரச் சொல்லிக் கேட்டதற்கு, மில்லு பழகிவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து மணிகள் வீட்டில் தங்கின. ஃபேன்ஸி ஸ்டோர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். 1982இல் பரசுராமன் மறுபடி படிவத்தோடு வந்தபோது ஏழாவது கேள்விக்கு இடம் போதாமல் தனித்தாள் ஒன்றை இணைத்தார். பாஞ்சாலைக்கு நேரே, கற்றுக்கொடுத்த விதம் என்ற இடத்தில், கேட்காமல் பார்த்தது என்று ஜெபராணி சொன்னபடியே எழுதிக்கொண்டார். ஒவ்வொரு தடவை சாம்பலைக் கிளறும்போதும் முதலில் வெளிவரும் மணி மட்டும் இன்னும் களம்பூருக்குப் போகிறது. அதை யாரும் பிடிப்பதில்லை. மழை நாளில் அது பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கும், கண்டக்டர் காலால் ஏற்றிவிடுவார், டிக்கெட் கேட்பதில்லை.

1984இல் பாஞ்சாலைக்குக் களம்பூரில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரு தொகுப்பு வீடு கிடைத்தது. கதவு மாட்ட வந்த தச்சர் பொன்னுசாமியிடம், அடியில் ஒரு விரற்கடை இடம் விடும்படி அவள் சொன்னாள். பூச்சி பொட்டு வருமே, எதற்கு என்று அவர் கேட்டார்.

“மணி வரும்” என்றாள். அவர் கதவைக் கழற்றி அடிப்பக்கம் இழைத்துக் கொடுத்தார்.