கம்பீரமாக ஏறும் கதவு

மனிதகுலத்தின் முன்னேற்றத்தில் அக்கறையுள்ள அனைவரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி இது: ஓய்வுபெற்ற கம்பெனி எம்.டி. ஒருவரின் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இனிமேல் தன் கதவுகளைத் தானே தூக்கிக்கொள்ளும்.

அந்தக் கதவுகள் பக்கவாட்டில் திறப்பவை அல்ல. கூரையில் கீல் வைத்து, பறவை இறக்கை விரிப்பதுபோல் மேலே எழும்புபவை. உள்ளே உட்கார்ந்த பிறகு கையை உயர்த்தி, கதவைப் பிடித்துக் கீழே இழுத்துச் சாத்த வேண்டும். எம்.டி.யின் தோளோ காது உயரத்துக்கு மேல் போக மறுத்துக் கொஞ்ச காலமாகிறது. அன்றிலிருந்து காரும் ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு படுத்துவிட்டது. தோள் விஷயம் வீட்டுக்குள் மட்டும். கதவுக்கு எதற்கு மோட்டார் என்று வெளியில் கேட்டவர்களிடம், "டெக்னாலஜியோட சேர்ந்து நாமளும் மாறணும் இல்லையா?" என்றார்.

மருமகனுக்குத் தத்துவத்தில் நாட்டமில்லை. "மாமா, ஒண்ணு ஓட்டுங்க, இல்ல வித்துருவோம். கார் கிளப் விழாவுக்கு நீங்களே ஓட்டிட்டுப் போய், யார் கையும் பிடிக்காம இறங்கிட்டீங்கன்னா, நான் அப்புறம் வாயே திறக்க மாட்டேன்."

"இறங்கிக் காட்டறேன் மாப்பிள்ளை. கேமராவோட வந்து நில்லுங்க."

இப்படியாக ஒரு தோள்பட்டையின் மானம், காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கின் தலையில் வந்து விழுந்தது.

மெக்கானிக் பகலெல்லாம் பட்டறையில் மாரடித்துவிட்டு, மாலையில் எம்.டி. வீட்டு ஷெட்டுக்கு வருவார். கூரைக்குள் இரண்டு மோட்டார்களை ஒளித்துவைத்தார். ஒயர்களை உள்துணிக்கடியில் ஓடவிட்டார். ரிமோட்டை அழுத்தினார். கதவு ஒரே எகிறலில் மேலே போய் நின்றது.

"என்னப்பா இது, டோஸ்டர்ல இருந்து ரொட்டி குதிக்கிற மாதிரி? கம்பீரமா ஏற வேண்டாமா?"

வேகத்தைக் குறைத்தார்.

"இப்ப கம்பீரம் இருக்கு. ஆனா ஏதோ தயங்குற மாதிரி இருக்கே."

"சார், மோட்டாருக்கு ஆன் தெரியும், ஆஃப் தெரியும். கம்பீரமெல்லாம் தெரியாது."

"நீ சொல்லிக் குடு."

சொல்லிக்கொடுத்தார். அடுத்த மாலை, இடது கதவு வலது கதவைவிட ஒரு மூச்சு பிந்தி எழுந்தது. அதையும் சரிசெய்தார். இருவரும் தள்ளி நின்று, ரிமோட்டை அழுத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

தேநீர் கொண்டுவந்த எம்.டி.யின் மனைவி கேட்டார்: "ஏங்க, ஆபீஸ்ல இருந்த அத்தனை வருஷத்துல ஒரு கதவையாவது நீங்களா திறந்திருக்கீங்களா?"

"அந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னுதாம்மா இந்தப் பாடு."

மெக்கானிக்கின் வீட்டிலும் இதே பேச்சுதான். "இன்னும் அந்தக் கதவா?" என்பார் மனைவி. "அதே கதவுதான்" என்பார் இவர். பிரிட்ஜைத் திறக்கும்போதுகூட அவர் கை இப்போது கம்பீரமாகத்தான் போனது.

விழா நாள் வந்தது. எம்.டி. காருக்குள் உட்கார்ந்தார். விழுந்தார் என்பதே சரி. வயதானவர்களுக்குப் புவியீர்ப்பு அந்தத் திசையில் மட்டும் உதவி செய்கிறது. பொத்தானை அழுத்தினார். கதவு பணிவாக இறங்கி மூடிக்கொண்டது.

மைதானத்தில் கிளப் உறுப்பினர்கள் கூடி நிற்க, கார் உறுமிக்கொண்டு வந்து நின்றது. இரண்டு கதவுகளும் ஒன்றாக, மெல்ல, தயக்கமில்லாமல் எழுந்தன. கைதட்டல். முன்வரிசையில் மருமகன், கையில் போன்.

எம்.டி. இறங்கவில்லை.

இருக்கையோ ஏறக்குறைய தரையில் கிடந்தது. அதற்கும் வெளியுலகத்துக்கும் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு அகலமான விளிம்பு. காலைத் தூக்கி அதைத் தாண்டி, கையை ஊன்றி எழ வேண்டும். எம்.டி. ஊன்றினார். இடுப்பு கொஞ்சம் எழும்பிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பியது. பொத்தானை அழுத்தினார். கதவுகள் இறங்கின. மறுபடி ஏறின. செயல்விளக்கம் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. மூன்றாவது தடவை யாரும் தட்டவில்லை.

மெக்கானிக்குக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தனை மாலைகளும் வெளியே நின்றேதான் சோதித்திருந்தார்கள். உள்ளே உட்கார்ந்து எழுந்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. அவர் போய்க் காரருகே குந்தினார்.

"சார், கை குடுக்கட்டுமா?"

"மாப்பிள்ளை பார்க்கிறாரா?"

"வீடியோவே எடுக்கிறார் சார்."

எம்.டி. ஸ்டியரிங்கைப் பார்த்துக் கேட்டார்: "இந்த சீட்டுக்கு ஒரு மோட்டார் வைக்க முடியுமாப்பா?"

"வைக்கலாம் சார்," என்றார் மெக்கானிக் அலுப்போடு. "சீட் ஏறினா தலை இடிக்கும், கூரையை எடுத்துரணும்."

எம்.டி. கையை நீட்டினார். நல்ல கையைத்தான். மெக்கானிக் ஒரு பக்கமும், ஓடிவந்த மருமகன் மறுபக்கமுமாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

கார் விற்கப்பட்டது. வாங்கியவர் மோட்டார்களைக் கழற்றச் சொன்னார்.