கட்டின் மேல் கறுப்பு

நாலாம் நாள் காலையில் கட்டின் மேல் கறுப்பாக ஒரு கறை தெரிந்தது. சங்கர்தான் முதலில் பார்த்தான். பார்த்ததும் மகளின் கையைத் துண்டால் மூடிவிட்டான், மனைவி கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று.

கனிமொழிக்கு நாலு வயது. சாமைக் கஞ்சிப் பானையை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்தவன் அவன்தான். உப்பு எடுக்கத் திரும்பிய நேரத்தில் பிள்ளை பானையை இழுத்துவிட்டது. இடது முன்கை முழுக்கக் கொப்புளம். மனைவி சுமலதா கைக்குழந்தையோடு மலைமேல் சித்தேரியிலேயே இருந்துகொள்ள, அவன் மட்டும் மகளைத் தூக்கிக்கொண்டு அரூர் ஆஸ்பத்திரிக்குப் போனான். நர்ஸ் கலைமணி புண்ணைக் கழுவி, மருந்து ஏற்றிய மெல்லிய தாள் போன்ற ஒன்றை ஒட்டி, மேலே துணிக்கட்டுப் போட்டாள். மருந்து அந்தத் தாளிலேயே இருக்கிறது, ஐந்து நாள் பிரிக்கக் கூடாது, நனைக்கக் கூடாது என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள். பிள்ளை வீறிட்டு அழுததில் அது அவன் காதில் ஏறவில்லை.

மூடி வைத்தது வெகுநேரம் நிலைக்கவில்லை. சுமலதா கண்டுவிட்டாள்.

"சதை அழுகுதுங்க. பிரிச்சுப் பாத்துரலாம்."

"அஞ்சு நாளுன்னு சொன்னாங்க."

"நல்லாக் கேட்டீங்களா?"

பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் வந்து, மூடி வைத்தால் புண் புழுங்கிப்போகும், தேன் தடவிக் காற்றாட விடுங்கள் என்றாள். சுமலதாவின் விரல் கட்டின் முடிச்சுக்குப் போய்விட்டது. சங்கர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். போன் பண்ணிவிட்டு வரும்வரைக்கும் தொடாதே என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு ஓடினான்.

அவர்கள் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. ரோடு திரும்பும் மேட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு கை இல்லாமல் மகள் பள்ளிக்கூடம் போவதுபோல வழியெல்லாம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போன் அடித்தும் யாரும் எடுக்கவில்லை. நாலாவது முறை கலைமணி எடுத்தாள்.

கறுப்பு என்றதும் அவள் பதறவில்லை. தாளில் இருப்பது வெள்ளி கலந்த மருந்து, புண்ணின் நீர் பட்டால் கறுக்கத்தான் செய்யும் என்றாள். அவன் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"காய்ச்சல் இருக்குதுங்களா? கெட்ட வாடை வருதா? கட்டுக்கு வெளிய செவப்பு ஏறியிருக்கா?"

எதையும் அவன் பார்த்திருக்கவில்லை. திரும்பவும் ஓடினான். கட்டை முகர்ந்தான், மருந்து வாடைதான். சிவப்பு இல்லை. விரல்கள் அசைந்தன. நெற்றியில் கை வைத்தான். சுட்டது. ஓடி வந்த தன் கையின் சூடோ என்று சுமலதாவைத் தொடச் சொன்னான். அவள் முகமே சொல்லிவிட்டது.

மறுபடி மேட்டுக்குப் போய்ச் சொன்னான். "கட்டைப் பிரிக்காம இன்னிக்கே கூட்டிட்டு வந்துருங்க" என்றாள் கலைமணி.

மத்தியான பஸ்ஸில் நாலு பேருமாக மலையிறங்கினார்கள். வளைவுகளில் மகளின் கை எதிலும் இடித்துவிடாமல் அவன் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, இது சளிக்காய்ச்சல் என்றார். இருந்தாலும் புண்ணையும் பார்த்துவிடச் சொன்னார். கலைமணி உப்புத்தண்ணீரால் தாளை நனைத்து நனைத்து எடுத்தாள். சங்கர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்றாள் சுமலதா.

அழுகல் இல்லை. பெரும்பாலும் ஈரமான இளஞ்சிவப்பு. நல்ல நிறம் என்றாள் கலைமணி. மணிக்கட்டுப் பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. அந்த இடம் ஆற நாளாகும், தழும்பு நிற்குமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றபடி புதுத் தாளை அளவாக வெட்டி ஒட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில் கனிமொழி அவன் மடியில் தூங்கிப்போனாள். டாக்டர் கொடுத்த மாத்திரைக்குக் காய்ச்சல் இறங்கி நெற்றி வேர்த்திருந்தது. சங்கர் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"தூங்கட்டும், விடுங்க" என்றாள் சுமலதா.

பாதி மலை ஏறும்வரை அவன் கையை எடுக்கவில்லை.