மேக்-அப் செய்த செவ்வாய்க்கிழமை

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மணியக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வாராவாரம் செவ்வாய்க்கிழமை மாடி மாடியாக ஏறி, சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியில் சாவியைச் செருகித் திருப்பி, தீ மணி அடிக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அடித்தால் உள்ளே இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொண்டு திட்டுவார்கள். பதினோரு வருஷமாகத் திட்டும் சம்பளமும் சேர்த்து வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது அந்த வேலைக்கே உலை வைத்துவிட்டன இரண்டு துக்கடா இங்கிலீஷ் வார்த்தைகள்.

நடந்தது இதுதான். ஒரு செவ்வாய்க்கிழமை பெரிய முதலாளி வருகிறார் என்று கட்டடமே தலைகால் புரியாமல் ஓடியது. மேனேஜர் அவளைப் பிடித்து நாற்காலி போடவும் பூந்தொட்டி நகர்த்தவும் விட்டுவிட்டார்.

"சார், இன்னைக்கு மணி பாக்கணும்."

"மணி எங்கயும் ஓடிப் போகாதும்மா. நாளைக்கு மேக்-அப் பண்ணிக்கலாம்."

அவருக்கு எல்லாமே மேக்-அப்தான். லீவு போட்டால் சனிக்கிழமை வந்து மேக்-அப், லேட்டாக வந்தால் சாயங்காலம் உட்கார்ந்து மேக்-அப். அவர் வாயால் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வார்த்தை அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. விட்டுப்போனதை ஈடுகட்டுவது என்று அர்த்தம். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று அவள் ஆராயப் போகவில்லை.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. இருந்தும் வந்தாள், ஐந்து மாடியும் ஏறினாள். நாலாம் மாடி மணி மட்டும் வாயே திறக்கவில்லை. மூன்று தடவை சாவியைத் திருப்பிப் பார்த்தாள். 'நாலாம் மாடி, அடிக்கவில்லை' என்று பதிவேட்டில் எழுதி, மேனேஜரிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் நாலாம் மாடியில் வெந்நீர் கெட்டில் வைக்கும் மூலையில் ஒயர் கருகிப் புகை கிளம்பியது. மணி அடிக்கவில்லை. முன்னால் இருந்தவர்கள் புகையைப் பார்த்து ஓடிவிட்டார்கள். பின்னறையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த ஃபைல் அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. மனிதர் புகையை விழுங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

செவ்வாய்க்கிழமை சோதனை நடந்ததா என்று தலைமை அலுவலகம் எழுத்தில் கேட்டது. பதில் இங்கிலீஷில் இருக்க வேண்டுமாம். மணியக்கா அசரவில்லை. குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: 'டியூஸ்டே செக்கிங் ஐ மேட் அப்.' அவள் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும். நாலாம் நாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்துக் கடிதம் வந்தது.

அதை வாசித்துச் சொன்னவள் தங்கை. அடுத்த தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். கடை மூடியதும் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவது அவள் வழக்கம்.

"செவ்வாய்க்கிழமை சோதனையை இட்டுக்கட்டி எழுதினதா நீயே ஒத்துக்கிட்டியாம்க்கா."

"நான் எங்கடி ஒத்துக்கிட்டேன்?"

தங்கை போனில் அகராதியைத் தட்டினாள். தட்டத் தட்ட அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது. "மேக் அப்னா நம்ம தொழிலுன்னுதான நெனச்சேன்! விட்டுப்போனதைச் சரிக்கட்டுறது, அதுவும் போட்டிருக்கு, நீ சொன்னது தப்பில்ல. ஆனா இல்லாத கதையைக் கட்டி விடுறதுக்கும் இதே வார்த்தைதானாம்."

"ஒரே வார்த்தை எப்படிடி வேலை செஞ்சதுக்கும் ஆகும், செய்யாம புளுகினதுக்கும் ஆகும்?"

"இரு, இன்னும் இருக்கு. படுக்கை விரிச்சு வைக்கிறது. மருந்து கலக்குறது. சண்டை போட்டவங்க ராசியாகுறது." தங்கை ஓரக்கண்ணால் கூடத்தைப் பார்த்தாள். "அது இந்த வீட்டுக்கு இப்ப தேவை."

கூடத்தில் மணியக்காவின் வீட்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கார் மெக்கானிக். எந்த வண்டியையும் எழுப்பிவிடுவார், மேலதிகாரி என்ற சொல்லைக் கேட்டால் தாமே உட்கார்ந்துவிடுவார். மத்தியானம் மேனேஜர் அவருக்குப் போன் செய்திருந்தார். பழைய கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 'உடம்பு சரியில்லாததால் அந்த வாரம் சோதனை செய்யவில்லை' என்று புதுசாக எழுதிக் கொடுத்தால் போதுமாம். ஓர் எச்சரிக்கையோடு வேலை நிலைக்குமாம்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு வாயேன்" என்றார் திரும்பாமலே. "வார்த்தைக்காக வேலையை விடுவாங்களா?"

"செஞ்ச வேலையைச் செய்யலன்னு எழுதச் சொல்றீங்களா? அதுதாங்க புளுகு. பண்ணாத புளுகுக்குத் தண்டனை, பண்ணினா வேலை. நல்ல நியாயமா இருக்கே!"

அதற்குப் பிறகு அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார். மணியக்காவுக்குக் கோபம் பொங்கியது. அவர் மேல் பாதி, அந்த இரண்டு வார்த்தை மேல் மீதி. கோபத்தின் அடியில் வேறொன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணை திங்கட்கிழமை காலை, நாலாம் மாடிக் கூட்ட அறையில். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி முப்பது வயதுப் பெண், பேச்சில் மரியாதை இருந்தது. பக்கத்தில் மேனேஜர், சலவைச் சட்டை மடிப்புக் கலையாமல். மேசை மேல் அவளுடைய கடிதம், பதிவேடு, ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்த புதுக் கடிதம். அதற்குப் பேனாகூடத் திறந்து வைத்திருந்தார்கள்.

"மேட் அப்னு எழுதியிருக்கீங்க. என்ன அர்த்தத்துல எழுதினீங்க?" என்றாள் அதிகாரி.

"சார் சொல்ற அர்த்தத்துலதான் மேடம். செவ்வாய்க்கிழமை என்னை நாற்காலி தூக்க விட்டுட்டு, நாளைக்கு மேக்-அப் பண்ணிக்கலாம்னார். பண்ணினேன். அவர் சொன்னா ஈடுகட்டுறது, நான் எழுதினா இட்டுக்கட்டுறதா?"

மேனேஜர் சிரித்தார். "பேச்சுல ஆயிரம் சொல்லுவோம் மேடம். எழுத்துல வந்தா எழுத்துதான். இந்தம்மா புதன்கிழமை வரவே இல்ல, உட்கார்ந்த இடத்துலயே நோட்டை நிரப்பியிருக்காங்க."

"நோட்டைப் பாருங்க மேடம்."

அதிகாரி பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் சரி. நாலாம் மாடிக்கு எதிரே: அடிக்கவில்லை.

"பொய் எழுதுறவ எல்லாம் சரின்னு எழுதிட்டுப் போவாளா, இல்ல தனக்கே வேலை வைக்கிற மாதிரி ஒண்ணு அடிக்கலன்னு எழுதுவாளா?" என்றாள் மணியக்கா. "கீழ யார் கையெழுத்து, பாருங்க. புதன்கிழமை தேதி போட்டிருக்கு."

மேனேஜர் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். "ஒரு நாளைக்கு அம்பது பேப்பர் வருது மேடம். எல்லாத்தையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போட முடியுமா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அதிகாரிக்கும் உறைத்தது. ஆனால் அவள் தட்டச்சுக் கடிதத்தைத்தான் மெல்ல முன்னால் நகர்த்தினாள்.

"பாருங்கம்மா, இதை வளர்க்க வேணாம். வார்த்தை கொஞ்சம் குழப்பமா விழுந்துடுச்சு, அவ்வளவுதான். பழசை விட்டுட்டு இதுல கையெழுத்துப் போடுங்க. நீங்களும் சாரும் ராசியாப் போயிடுங்க, உங்க வேலைக்கு நான் பொறுப்பு."

ராசியாவதற்கும் அதே வார்த்தைதான் என்று தங்கை சொன்னது மணியக்காவுக்கு ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. என்ன பூசி மெழுகுகிற வார்த்தையடா இது! பேனாவை எடுத்தாள். மேனேஜர் முகத்தில் வெளிச்சம் வந்தது. அவள் அதை மூடி மேசையில் வைத்தாள்.

"மாட்டேன் மேடம். அந்த ரெண்டு வார்த்தையை அடிச்சா நான் அஞ்சு மாடி ஏறினதும் அடிபட்டுப் போகும். அந்த மணி செத்துக் கிடந்தது யாருக்கும் தெரியாதுன்னும் ஆயிடும். கொஞ்சம் வெளிய வாங்க."

"எதுக்கு?"

"பத்தடிதான்."

வேலையிலிருந்து நிறுத்தியபோது அடையாள அட்டையை வாங்கியவர்கள் சாவியைக் கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. மணியக்கா இடுப்பிலிருந்து அதை எடுத்து, நடைபாதைச் சுவரிலிருந்த சிவப்புப் பெட்டியில் செருகித் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை திருப்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முப்பது பேர் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்த சத்தம்தான் கேட்டது.

"புகை வந்து பதினோரு நாள் ஆச்சு மேடம். ஒரு வார்த்தையை ரிப்பேர் பண்ண மேலிடத்துலருந்து கார் போட்டு வந்திருக்கீங்க. மணியை ரிப்பேர் பண்ண ஒருத்தரும் வரல."

அதிகாரி சிவப்புப் பெட்டியையே பார்த்தாள். மேனேஜர், "ஆர்டர் போட்டாச்சு மேடம், அடுத்த வாரம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மணியக்காவின் குரல் உடைந்தது. அழுகையில்லை, அடக்கி வைத்திருந்த கோபம். அது முதலில் அவள் மேலேயே பாய்ந்தது. "நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். ஆனா நீங்க சொல்ற தப்பு இல்ல. மணி அடிக்காத மாடியில ஆளை உட்கார வைக்கக் கூடாதுன்னு இந்த நோட்டு முதல் பக்கத்துலயே அச்சடிச்சிருக்கு. புதன்கிழமையே இவங்களை இறக்கியிருக்கணும். கையெழுத்து வாங்கியாச்சு, நம்ம கடமை முடிஞ்சதுன்னு வீட்டுக்குப் போயிட்டேன். அண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. அதை எழுதச் சொல்லுங்க, எத்தனை காப்பி வேணும்னாலும் எழுதித் தரேன்."

சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எல்லாரும் எழுந்திருங்க! இந்த மாடி மணி வேலை செய்யல. சரியாகுற வரைக்கும் இங்க யாரும் உட்காரக் கூடாது. படி வழியா கீழ இறங்குங்க!"

முப்பது தலைகள் நிமிர்ந்தன. பின்னாலேயே மேனேஜர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டு இதெல்லாம்? நீ வேலையிலயே இல்ல! யாரும் நகரக் கூடாது, உட்காருங்க!"

எழுந்தவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்தார்கள். மணியக்கா உட்காரவில்லை, கத்தவுமில்லை. முதல் மேசைக்குப் போய், "இறங்குப்பா" என்றாள். அடுத்த மேசைக்குப் போய், "இறங்கும்மா" என்றாள். வேலை போனது போனதுதான், இனி அவளிடமிருந்து பிடுங்க அவர்களிடம் எதுவும் பாக்கியில்லை. மூன்றாவது மேசைக்குப் போவதற்குள் பின்னறைக் கதவு திறந்தது. ஃபைல் அண்ணன் இருமிக்கொண்டே வந்தார், கையில் சாப்பாட்டுப் பை. மேனேஜரைத் தாண்டி, மணியக்காவைத் தாண்டி, படிக்கட்டைப் பார்த்து நடந்தார்.

அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலிகள் பின்னால் தள்ளப்படுகிற சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. ஆட்கள் வரிசையாகப் படியில் இறங்க, மணியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு தலையாக எண்ணினாள்.

கடைசியாக அதிகாரி வந்தாள். தோளில் கைப்பை, கையில் பதிவேடும் குண்டு எழுத்துக் கடிதமும். தட்டச்சுக் கடிதம் உள்ளேயே மேசையில் கிடந்தது.

"மேடம், விசாரணை?" என்றார் மேனேஜர்.

"கீழ வச்சுக்கலாம். நீங்களும் இறங்குங்க."

"அப்ப இந்தம்மா லெட்டர்? அதைத் திருத்தணுமே?"

"படிச்சிட்டேன் சார்," என்றாள் அதிகாரி, முதல் படியில் கால் வைத்தபடி. "அதுல திருத்த ஒண்ணுமில்ல."