சுப்பம்மா குடிக்காத டீ

சுப்பம்மா எங்கள் வீட்டில் டீ குடிக்க மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருஷமாகக் கேட்கிறேன். "வேணாம் சார்" என்பாள். அவளுக்கு டீ பிடிக்காது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டு வேலை செய்கிறவளுக்குத் தன் கையால் டீ போட்டு நீட்டுகிற பேராசிரியர் ஜெஃப்ரி என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை வேறு.

நந்தனத்தில் ஒரு கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். அடிப்படை உரிமைகள்தான் என் பாடம். "தயவைத்தான் கேட்டு வாங்கவேண்டும். உரிமையைக் கேட்கவேண்டிய நிலை வந்தாலே அது உரிமையில்லை" என்று போன வாரம்கூட முழங்கினேன். பிள்ளைகள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் வராமலிருந்த சுப்பம்மா இன்று காலை வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"உடம்புக்கு என்னம்மா?"

"நீர்க்கடுப்பு சார். ஜுரம் தூக்கிப் போட்டுச்சு. தண்ணியே குடிக்க மாட்டியான்னு டாக்டரு திட்டுறாரு." பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "குடிச்சா எங்க சார் போறது? நாலு வூட்டு வேல முடிச்சிக்கினு குப்பம் போவ ரெண்டு மணி ஆவுது. கீழ கீற கக்கூசு நான் வந்த நாள்லேர்ந்து பூட்டியே கீது."

அதைப் பூட்டியவன் நான். சாந்தோமில் இருக்கும் இந்தக் குடியிருப்புக்கு எட்டு வருஷமாக நான்தான் செகரட்டரி. நாற்றம் வருகிறது என்று இரண்டு வீட்டார் முணுமுணுத்ததும் பூட்டு வாங்கிப் போட்டேன். கழுவ ஓர் ஆள் வைக்கலாமே என்று தோன்றவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. மேசை இழுப்பறையைக் குடைந்து சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். துருப்பிடித்த பூட்டைத் திறந்து, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து, மறுபடி பூட்டிவிட்டு மேலே வந்து டீ போட்டேன்.

"முதல்ல இதைக் குடிம்மா. இனிமே நீ கீழ போய்க்கலாம். சாவி என்கிட்டதான் இருக்கும். எப்ப வேணும்னாலும் கேளு, தரேன்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

"ஒவ்வொரு தபாவும் கேக்கணுமா சார்?"

டீயை அப்படியே வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கழிவறையைக் கழுவப் போனாள்.