புல்டோசரின் கேள்வித்தாள்

தம்பி நிரப்பிய கேள்வித்தாளை முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கோப்பில் செருகி வைத்தவன் நான்தான். மனநல மருத்துவமனையில் பதினோரு வருடமாகக் கோப்பு அடுக்குகிறேன். அந்த வேலையைக்கூடக் கெடுக்க ஒரு தனித்திறமை வேண்டும்.

போன வாரம் தம்பியைப் பெரிய டாக்டர் பார்த்தபோது கோப்பு காலி. அவர் தாளைத் தேடவே இல்லை. கோபத்தில் சாமான்களை உடைக்கிறான் என்று நான் சொன்னதும் தம்பியின் தோளையும் மீசையையும் பார்த்தார். 'முரட்டுக் கோபம், சிகிச்சை தேவையில்லை' என்று எழுதினார். "ஆம்பளன்னா நாலு சாமான் உடையத்தானே செய்யும்!" என்று சிரித்தார். சம்பளம் வாங்குகிறவன் என்பதால் நானும் சிரித்தேன்.

இன்று அதே தாளை அந்தப் பெண்ணின் கோப்பில் படித்த டாக்டர் உருகிவிட்டார். "விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு ஓயாத பயம். உள்ளுக்குள்ள ஒரே வெறுமை. கோபம் வந்தா கையில கிடைச்சத உடைக்குது. சுத்தமான பார்டர்லைன், உணர்ச்சி ஒரு நிலையில நிக்காத நோய்! பாவம், எவ்வளவு வலி! வியாழக்கிழமை குழு சிகிச்சையில சேத்துடு."

"சார், அது என் தம்பி எழுதினது. நான்தான் மாத்தி வெச்சிட்டேன்."

தாளுக்கே மீசை முளைத்துவிட்டது போலப் பார்த்தார். "ஓ! அப்போ வெறும் முரட்டுத்தனம்."

"ஒரு எழுத்துகூட மாறலையே சார்?"

"ஆள் மாறிடுச்சேப்பா!"

இந்த மேதையைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? தம்பிக்கு 'புல்டோசர்' என்று பெயர் வைத்ததே நான்தான். போன மாதம் குளியலறைக் கதவை உடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து, "நீயும் போயிடுவியாண்ணே?" என்று கேட்டான். "வாசல் கதவையும் உடைச்சிடு, சுலபமாப் போயிடறேன்" என்று ஜோக் அடித்தேன். அவன் சிரிக்கவில்லை. மூன்று நாள் சாப்பிடவும் இல்லை.

பக்கத்து மேசையில் ஆலோசகர் அம்மா இருந்தார். தம்பியிடம் அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்தவர் அவர்தான்.

"மேடம், பொம்பளைக்கு வந்தா நோய், ஆம்பளைக்கு வந்தா திமிரா?"

"அது வந்து, ஹார்மோன், வளர்ப்பு..." என்று டாக்டர் இழுத்தார்.

ஆலோசகர் அம்மா பேனாவை மூடினார். "ஒரே நோய்தான். உங்க தம்பிக்கு இருக்கு. அவரை முரடன்னு எழுதினது எங்க தப்பு, வீட்ல கேலி பண்ணது உங்க தப்பு. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க, நான் சேத்துக்கறேன்."