வாயால் ஊதக் கூடாது

பொம்மையின் பீடத்தில் பசை தடவி, கல்தூளைத் தூவி, ஒட்டாமல் நின்றதை வாயால் ஊதப் போனேன். அப்பா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். வலித்தது. அவர் என்னை அப்படித் தொட்டதே இல்லை.

“வாயால ஊதாத. எத்தனை தடவ சொல்றது? தட்டி விடு. இல்ல, அந்த மாஸ்க்கப் போட்டுக்கோ.”

மாஸ்க் மேசையில்தான் கிடந்தது. இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த, விலை கூடிய மாஸ்க். கட்டைவிரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டி, அவை நிற்க நிஜக் கல்லிலேயே பீடம் செய்யத் தொடங்கியபோது எனக்காக அவர் வாங்கி வந்தது. கல்லும் அவர் கொண்டுவருவதுதான். பெரியப்பாவின் பட்டறையில் சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறார். சட்டைப் பையில் கிரானைட் சில்லு வரும், சிலேட்டுக் கல் ஏடு ஏடாக வரும், பொட்டலத்தில் தூள் வரும். நக அளவு சில்லை ஒரு பொம்மையின் பக்கத்தில் நிறுத்தினால் அது பாறை. இரண்டைச் சாய்த்து வைத்தால் மலை. நமக்குத் தூளாகத் தெரிவது அந்தப் பொம்மை ஆளுக்குக் காலில் குத்தும் சரளை. இப்படிச் சின்னது பெரிதாக மாறுவதால்தான் எனக்கு இந்த வேலையில் பைத்தியமே.

தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. இவருக்குத் தெரியும். கல்தூசு நெஞ்சுக்குள் போனால் என்ன ஆகும் என்று தெரியாத ஆள் மகளுக்கு மாஸ்க் வாங்கமாட்டார். அப்படியானால் புருவம், இமை எல்லாம் வெளுத்து வந்து நின்று, ஒரே நாளில் கிழவனாகிவிட்டேன் பார் என்று சிரிப்பாரே, அது தெரிந்தே சிரித்த சிரிப்பா? மாடிப்படியில் பாதியில் நின்று, சாவி தேடுவதுபோலப் பையைத் துழாவுவாரே, அது? சாவி எப்போதும் அம்மாவிடம்தான் இருக்கும்.

கத்தித் தீர்த்தேன். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு எழாது. பட்டறையில் குழாயும் இருக்கிறது. தரை சேறாகிறது, வேலை இழுக்கிறது என்று பெரியப்பா அதை மூடிவிட்டார். மற்றவர்கள் கேட்டுப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், இரண்டு பேர் வேறு பட்டறைக்கே போய்விட்டார்கள். அப்பா மாஸ்க் போட்டு நின்றால் முதலாளியின் தம்பியே தூசுக்குப் பயப்படுகிறான் என்று ஊர் பேசுமாம். அதனால் அதுவும் இல்லை. நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் என் மேசையிலிருந்த சில்லு ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“மொதலாளின்னா நானும் கேட்டிருப்பேன்மா. அண்ணனாச்சே.”

அண்ணன். அந்த ஒரு சொல்லைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் இருந்தது.

நாளைக்கு அந்த அண்ணனின் புதுக் கடைத் திறப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்க, கல் அறுக்கிற ஆளாக ஒரு பொம்மை கேட்டிருந்தார். பீடம் நம் பட்டறைக் கல்லிலேயே இருக்க வேண்டுமாம். நம்ம கல்லு, நம்ம ஆளு, நம்ம பொண்ணு கைவேலை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வாராம். முந்தாநாள் பெரியப்பா வந்து எட்டிப் பார்த்தபோது, பொம்மைக்கு நான் குட்டியாக ஒரு மாஸ்க் வரைந்திருந்தேன்.

“என்னம்மா, திருடன் மாதிரி நிக்கிறான்? மூஞ்சி தெரியட்டும். சிரிச்ச மூஞ்சியா போடு.”

அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் சுரண்டி எடுத்துவிட்டுச் சிரிப்பை வரைந்தேன்.

இப்போது வீடு அடங்கிவிட்டது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தேன். பொம்மையின் புருவத்தில் பசை, தலையில் பசை, தோளில், நெஞ்சில், அந்தச் சிரிப்பின் மேல். பிறகு தூளைக் கொட்டினேன். பீடத்துக்கு இல்லை, ஆளுக்கு.

பயமாக இருக்கிறது. காலையில் பெரியப்பா எல்லோர் முன்னாலும் பொம்மைப் பெட்டியைத் திறப்பார். அப்பா யார் பக்கம் நிற்பார் என்று எனக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிவிட்டால்?

ஒட்டாத தூள் இன்னும் அவன் முகத்தில் குவிந்து நிற்கிறது. தட்டிவிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா இருமத் தொடங்குகிறார். ஒரு துகளும் உதிராதபடி, இரண்டு விரலால் பீடத்தைப் பிடித்து, அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்குகிறேன்.